புயலும் கூட்டமும்

கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன், தேவனாம்பட்டினத்து மீனவர் தம் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க்காரர் வாழைக்கு முட்டுக் கொடுக்கிறார். ஆனால் அதே மாவட்டத்தில் ஒரு வங்கிக்கோ கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ உரிய சர்வர் அறையின் சாவியை வைத்திருக்கும் நிர்வாகி மட்டும், அந்தச் செய்திக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல மாலை ஆறு மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சர்வர் நிர்வாகம் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை, மின்சாரம் தடைபடாத, ஈரம் நுழையாத, கடற்காற்று எட்டாத ஏதோ ஒரு மாளிகையில் இயந்திரம் வீற்றிருப்பதாகப் பாவித்துக்கொண்டு எழுதப்பட்டவை. கடலூரிலும் சிதம்பரத்திலும் இரண்டு முதல் பத்து சர்வர் வரை வைத்துக் காரியம் பார்க்கும் நிறுவனங்களை மனத்தில் கொண்டு நான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அவர்களுக்கு நேரும் சங்கடம் பெரும்பாலும் இரண்டு வகைதான்: கடலூரில் புயல், சிதம்பரத்தில் கூட்டம். முன்னது இயந்திரத்தை வெளியிலிருந்து தாக்குகிறது. பின்னது உள்ளே புகுந்து மூச்சுத் திணற வைக்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றோடு சேர்ந்து மின்கம்பங்கள் வரிசை வரிசையாக ஒடிந்து விழுந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்துவரும் நெய்வேலி இதே மாவட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் பிறக்கும் இடம் பக்கத்திலேயே இருக்க நமக்கென்ன பயம் என்று அதற்கு முன்பு தைரியம் பேசியவர்கள் உண்டு. அனல் நிலையம் அருகில் இருந்தாலும் அங்கிருந்து நம் வாசல் வரை வரவேண்டியது கம்பத்தில் கட்டிய கம்பிதான் என்பதும், கம்பம் விழுந்தபின் நெய்வேலியும் தொலைதூரத்து நாடும் நமக்கு ஒன்றே என்பதும் அந்த ஜனவரியில் பிரத்தியட்சமாயிற்று.

ஆகவே யூபிஎஸ்ஸை நம்பிக் காலம் தள்ளலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஜெனரேட்டர் உயிர்பெறும் வரையிலோ, இயந்திரங்களை ஒழுங்காக நிறுத்தும் வரையிலோ தாங்குவதுதான் அதன் தர்மம். அந்தச் சொற்ப நேரத்தையாவது அது தாங்குமா என்பது பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பொறுத்தது. மூடிய ஈய அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி உஷ்ணத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. அதற்கு மேல் ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். சர்வருக்குக் குளிர்சாதனம் வைத்துவிட்டு, பேட்டரி வரிசையை மாடிப்படிக்குக் கீழே அக்கினி நட்சத்திரத்து வெக்கையில் அடுக்கிவைக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். ஐந்தாண்டு என்று சொல்லி வாங்கிய பேட்டரி மூன்றாம் ஆண்டு கைவிட்டால் விற்றவரை ஏசுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலையில், பேக்கப் எடுத்து முடித்த பிறகு, மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எத்தனை நிமிஷம் தாங்கியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சென்ற முறையைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. யூபிஎஸ்ஸின் முகப்பில் தெரியும் சதவீதத்தை நான் ஒருபோதும் சாட்சியாக ஏற்பதில்லை.

டீசல் கணக்கையும் இவ்வாறே சொந்த அளவையால் அறியவேண்டும். தொட்டியை நிரப்பி, சர்வரும் குளிர்சாதனமும் ஓடும் உண்மையான பாரத்தில் ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரம்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தால் போதும். எந்த விற்பனைத் தாளும் அதைவிடச் சரியாகச் சொல்லாது. பாரமில்லாமல் வெறுமனே ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தும் வாராந்தரச் சடங்கு இஞ்சினுக்கு நன்மையைவிடத் தீமையே செய்கிறது, ஏனெனில் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படிந்துவிடும். புயலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருக்கக்கூடாது. பங்க்கில் டீசலை மேலே ஏற்றுவதும் மின்சாரம்தான்.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது, சர்வரை எந்தத் தளத்தில் வைப்பது என்ற கேள்விக்கு 2024ஆம் ஆண்டு ஒரு கடுமையான விடை தந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று தணிந்தது என்று ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மேற்கே கொட்டிய மழையால் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை நிரம்பி, வினாடிக்கு லட்சம் கன அடிக்கும் அதிகமான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டு, டிசம்பர் 2ஆம் தேதி கடலூரின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. புயலை வானத்தில் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஆபத்து வேறொரு மாவட்டத்திலிருந்து ஆற்று வழியாக, அதுவும் காற்று ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தது. கெடிலமும் பெண்ணையும் கடலோடு கலக்கும் ஊரில் தரைத்தளத்தில் சர்வர் வைப்பதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். முதல் மாடியில், மொட்டைமாடிக்கு நேர்க் கீழாக இல்லாத ஓர் அறை உத்தமம். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஜெனரேட்டருக்கான மேடையையும், மெயின் பலகையையும், 2015 வெள்ளத்திலும் இவ்வெள்ளத்திலும் அந்தத் தெருவில் நீர் ஏறிய மட்டத்துக்கு மேலே அமைக்கவேண்டும். அந்த மட்டத்தைத் தெருவில் உள்ள எந்தப் பெரியவரும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்.

உப்புக் காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. அது ஒரே நாளில் ஒன்றும் செய்வதில்லை. மூன்றாம் வருஷத்தில் காரணம் தெரியாத கோளாறாக வெளிப்படும். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் உள்ள மெல்லிய தகடுகள் முதலில் அரிக்கப்படும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அவற்றைக் கழுவுவது பலரும் செய்யாத, செலவே இல்லாத பரிகாரம். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட பரிந்துரை. 16 டிகிரியில் வைத்து அறையை மார்கழியாக்குவதால் மின்கட்டணம் ஏறுவதோடு, கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளியே உள்ள ஈரம் குளிர்ந்த இரும்பில் முத்து முத்தாகப் படியும். புதிய இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே உயிர்கொடுக்காமல், ஒரு நாள் அறையின் உஷ்ணத்துக்குப் பழகவிடுவதும் இதே காரணத்தால்தான். இரண்டு கட்டடங்களை இணைக்கும்போது செம்புக் கம்பியைப் போடாமல் ஒளியிழை போட்டால், ஐப்பசி இடி ஒரு கட்டடத்தில் இறங்கி மற்றொன்றின் சுவிட்சுகளை எரிக்கும் விபரீதம் நேராது. எர்த் குழியைக் கோடையில் சோதியுங்கள். மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகவே தெரியும்.

பேக்கப் பற்றி ஒரு நூலே எழுதலாம். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வெளியூரில் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். வெளியூர் என்பது எது என்பதில்தான் நம்மவர் ஏமாறுகிறார்கள். கடலூர் அலுவலகத்தின் பிரதியைச் சிதம்பரம் கிளையில் வைத்துவிட்டு, விதியைப் பூர்த்தி செய்துவிட்டதாகத் திருப்தி அடைந்த நிறுவனத்தை நான் அறிவேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடற்கரையில் உள்ள இரண்டு ஊரையும் ஒரே புயல் ஒரே இரவில் போர்த்திவிடும். சேலமோ கோவையோ ஹைதராபாதோ ஆகட்டும். வங்கக்கடல் எட்டாத ஊராக இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது என்பதையும், அதற்கென உள்ள டம்ப் முறையையோ தொடர் பதிவு முறையையோ பின்பற்ற வேண்டும் என்பதையும் புதியவர்கள் அறியவேண்டும். ரெய்டு வட்டுகளும் பேக்கப் ஆகா. அவை ஒரு வட்டு பழுதானால் காக்கும், தவறாக அழித்த அட்டவணையை எல்லா வட்டிலும் ஒரே கணத்தில் சிரத்தையாக அழித்து வைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒரு வெற்று இயந்திரத்தில் பிரதியை மீட்டு, கடைசியாகப் பதிந்த ரசீது அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். புயல் அன்று அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் முதலாக அது பரீட்சை முடிவுகளின் ஊர். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்திராவுக்கும் ஜனசமுத்திரம் வந்து சேரும் ஊர். கூட்டம் என்பது வருஷம் முழுவதும் பரவி வருவதன்று, ஒரு முகூர்த்தத்தில் வருவது என்பதைத் தேரோடும் வீதிக்காரருக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. சர்வருக்கும் அப்படித்தான்.

வரிசையின் கணிதத்தை டென்மார்க்கில் தொலைபேசி இணைப்பகத்துக்காக எர்லாங் என்பவர் 1909லேயே எழுதத் தொடங்கிவிட்டார். அதன் எளிய வடிவத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு கோரிக்கையை முடிக்க இயந்திரத்துக்குப் பத்தில் ஒரு வினாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது பாதி நேரம் வேலையாக இருக்கும் நிலையில் கேட்டவருக்குச் சராசரியாக 0.2 வினாடியில் பதில் கிடைக்கும். 80 சதவீதத்தில் அரை வினாடி. 90ல் ஒரு வினாடி. 95ல் இரண்டு வினாடி. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறும்போது வேலை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காத்திருப்போ நான்கு மடங்காகிறது. நேற்று வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று நிர்வாகிகள் முறையிடுவதில் பொய் இல்லை, வளைவு அப்படி. இதனோடு லிட்டில் என்பவர் 1961ல் நிரூபித்த விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே இருப்போர் எண்ணிக்கை, வினாடிக்கு வருவோர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். வினாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 0.05 வினாடி என்றால், ஏககாலத்தில் டேட்டாபேஸுக்குத் தேவைப்படும் இணைப்பு சராசரியாகப் பத்து. ஆயிரம் வேண்டும் என்று கேட்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்வி நிறுவனத்தில், முடிவு வெளியாகும் நாளன்று காலை பத்து மணிக்கு எல்லாம் ஸ்தம்பித்த சம்பவத்தை இங்கே விவரிப்பது பொருந்தும். அங்கே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். இணைப்பு போதவில்லை என்ற பிழைச் செய்தி வந்ததால், பொறுப்பில் இருந்த இளைஞர் இயல்பாக 151 என்றிருந்த இணைப்பு வரம்பை 2,000 ஆக்கினார். பத்து நிமிஷத்தில் நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் கர்னல் தன்னைக் காத்துக்கொள்ள டேட்டாபேஸையே கொன்றது. முன்பு தாமதமாக வந்த பதில் இப்போது வரவேயில்லை. புதிய சர்வர் வாங்குவதற்கான மதிப்பீடு அன்று மாலையே தயாராயிற்று.

தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைச் சிதம்பரத்தார் நன்கு அறிவார்கள். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று பொருளாகிவிட்டது. உண்மையில் அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் திரும்பவேண்டிய மூலையில் திரும்பாமல் எதிரே உள்ள வீட்டுக்குள் நுழைந்துவிடும். இணைப்பு வரம்பு அத்தகைய முட்டுக்கட்டை. அதைப் பிடுங்கி எறிந்ததுதான் அன்று நடந்த பிழை. வாசலில் நிற்கவைத்து, இடம் உள்ளவரை மட்டும் உள்ளே விடும் இணைப்புத் தொகுப்பு ஒன்றை முன்னால் வைத்திருந்தால், எல்லோரும் தாமதமாகவேனும் முடிவைப் பார்த்திருப்பார்கள்.

மூலகாரணம் இன்னும் அற்பமானது. மெதுவான வினவல்களைப் பதியும் பதிவேடு மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக அணைந்திருக்கும். அதை ஏற்றினாலும் பத்து வினாடிக்கு மேல் ஓடியதைத்தான் எழுதும். வரம்பை அரை வினாடிக்குக் குறைத்தவுடன் குற்றவாளி பிடிபட்டான். பதிவெண் அட்டவணையில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தது. நிரலோ அதை மேற்கோள்குறியின்றி எண்ணாக அனுப்பியது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது மைஎஸ்க்யூஎல் அந்தப் பத்தியின் இண்டெக்ஸை உபயோகிக்க இயலாது; ஆகவே ஒவ்வொரு மாணவருக்காகவும் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு மேற்கோள்குறி போட்டதும் வினாடிகள் மில்லிவினாடிகள் ஆயின. புதிய சர்வருக்கான கோப்பு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டில் இன்னொரு யுக்தியும் செய்தோம்: வெளியிட்டபின் மாறாத முடிவை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் தேடுவானேன் என்று, பதிவெண்ணுக்கு ஒரு கோப்பாக முன்னிரவே எழுதிவைத்துவிட்டோம்.

ட்யூனிங் என்ற சொல்லுக்குச் சுருதி சேர்த்தல் என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. காதால் கேட்காமல் பிருடையை முறுக்குகிறவர் தந்தியை அறுப்பார். கேட்பதற்கான செவிகள் நம்மிடம் இலவசமாகவே இருக்கின்றன. லோட் ஆவரேஜ் உயர்ந்தவுடன் பிராசசர் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். லினக்ஸ் அந்த எண்ணில் வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணுகிறது. விஎம்ஸ்டாட், ஐயோஸ்டாட் இரண்டையும் ஓட்டினால் எது என்பது விளங்கிவிடும். பழைய 7,200 சுழற்சி வட்டு வினாடிக்கு நூறு சிதறிய வாசிப்புகளை எட்டுவதே கடினம். அங்கே பிராசசரை மாற்றுவது பல்வலிக்குக் கண்ணாடி போடுவதைப் போன்றது. காலியான நினைவகம் குறைவாகத் தெரிகிறதே என்று அஞ்சி, இரவுதோறும் கேஷைத் துடைக்கும் கட்டளையை ஓடவிடுகிறார்கள் சிலர். அது மறுநாளைக்கென வடித்துவைத்த சோற்றைக் கொட்டிவிட்டு அடுப்பு மெதுவாக எரிகிறது என்று குறைபடுவதற்கு ஒப்பானது. பார்க்கவேண்டியது காலியாக உள்ளதை அன்று, கிடைக்கக்கூடியது என்று தனியே காட்டப்படும் எண்ணை. 64 ஜிபி நினைவகம் வாங்கிவைத்து, போஸ்ட்கிரஸையும் மைஎஸ்க்யூஎல்லையும் அவை பிறந்தபடியே 128 எம்பி இடையகத்தில் ஓடவிடுவதும் சர்வசாதாரணம். முன்னதற்கு மொத்த நினைவகத்தில் கால் பங்கு, பின்னதற்கு அந்த இயந்திரம் அதற்கே உரியதானால் பாதிக்கு மேல் என்று தொடங்கி, அளந்து பார்த்து நகர்த்துங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சிஸ்ஸ்டாட் தொகுப்பில் உள்ள சார் என்னும் கருவி (பெயரிலேயே மரியாதை அமைந்திருக்கிறது) பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இயந்திரத்தின் ஸ்திதியைப் பதிந்துகொண்டே இருக்கும். அது முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்தால்தான் நேற்று பத்து மணிக்கு என்ன நடந்தது என்பதை இன்று கேட்க முடியும். ஆழமாகக் கற்க விரும்புவோருக்கு பிரெண்டன் கிரெக் எழுதிய சிஸ்டம்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற நூலின் 2020ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைச் சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு வளத்தையும் எவ்வளவு உபயோகம், எவ்வளவு நெரிசல், என்னென்ன பிழை என்று மூன்றே கேள்வியால் பரிசோதிக்கும் அவர் முறை, நூலை முழுதும் படிக்க அவகாசம் இல்லாதவருக்கும் உதவும். போஸ்ட்கிரஸுடன் வரும் கையேட்டைப்போல் தெளிவான வேறு தொழில்நுட்ப நூலை நான் கண்டதில்லை.

லாக் விஷயத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவேண்டும். குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். கடிகாரத்தை தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைவித்திருக்கவேண்டும். அதற்காக வட்டு நிரம்பும் வரை விட்டுவிடாமல் சுழற்சி முறையில் சுருக்கிவையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திறந்துவைத்திருக்கும் லாக்கை அழித்தால் பெயர் மறையுமே தவிர இடம் திரும்பாது; அந்த நிரல் அதை மூடினாலோ மறுபடி தொடங்கினாலோதான் திரும்பும். அழித்தும் வட்டு நிறைந்தே இருக்கிறதே என்று நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

மறுபடியும் துறைமுகத்துக்கு வருகிறேன். 1, 2 எண் கூண்டு ஏறினால் டீசலை நிரப்புங்கள், தொலைபேசி எண்களையும் இயந்திரங்களை நிறுத்தும் வரிசையையும் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். 3, 4 ஏறினால் முழு பேக்கப் எடுத்து வெளியூருக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்ததைச் சரிபாருங்கள். அதற்கு மேல் ஏறினால் அவசியமற்ற இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுங்கள். பத்தாம் எண்ணே கடைசி என்று பலர் நினைக்கிறார்கள். பதினொன்றாவது ஒன்று உண்டு: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். செய்தி வராததையே பெரும் செய்தியாக ஏற்றிக்காட்டிய அந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் புத்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். நம் கண்காணிப்பு நிரல்கள் எல்லாம் கோளாறு நேர்ந்தால் செய்தி அனுப்புவதாக அமைந்திருக்கின்றன. கோளாறு நேர்ந்த இடத்திலிருந்து செய்தி அனுப்ப மின்சாரமும் இணைப்பும் இருக்கவேண்டுமே. ஆகவே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நலம் என்று உங்கள் சர்வர் வெளியூர் இயந்திரம் ஒன்றுக்குச் சொல்லட்டும். சொல் வராவிட்டால் அந்த வெளியூர் இயந்திரம் உங்களை எழுப்பட்டும்.

புயல் ஓய்ந்து மின்சாரம் வந்த முதல் கணத்திலேயே எல்லாச் சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். கம்பி வேலை நடக்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஒரு மணி நேரம் மீட்டரைப் பார்த்துக் காத்திருங்கள். அறையை முதலில் குளிர்சாதனத்தால் உலரவிட்டு, சுவிட்சுகள், சேமிப்பகம், டேட்டாபேஸ், செயலி என்ற வரிசையில் எழுப்பி, வெளியுலகுக்கான வாசலைக் கடைசியில் திறவுங்கள். வாரக்கணக்கில் அணைந்து கிடந்த பழைய இயந்திரத்தில், பலகைமேல் உள்ள சின்ன நாணய பேட்டரி செத்துப்போயிருந்தால், அது எழும்போதே பல ஆண்டு முந்திய ஒரு தேதியில் எழும். சான்றிதழ்கள் செல்லாது என்று மறுக்கும். இரவு வேலைகள் தவறான நாளில் ஓடும். ரசீதுகள் கடந்த காலத்தில் பதியும். ஆதலால் டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, இயந்திரத்தில் இன்று என்ன தேதி என்று கேளுங்கள்.